படகைக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் டிரம்முக்கு இடம் கிடைத்தது

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் படகை மூன்றாவது முறையாக நாங்களே கவிழ்த்தோம். வெள்ளையாறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு உள்ளே, நெஞ்சளவுத் தண்ணீர். இன்ஜினையும் வலையையும் கரையில் இறக்கிவிட்டு, ஒன்பது பேர் ஒரு பக்க விளிம்பில் தொங்கித் தலைகீழாகப் புரட்டினோம். படகின் பின்பக்கமான அமரத்தில் வைத்திருந்த நீல டிரம் தானாகக் கழன்று வெளியே வந்து மிதந்தது. மச்சான் நாற்பதாவது நொடியில் அதைப் பிடித்தான். படகு கவிழ்ந்தாலும் பாதுகாப்புச் சாமான்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று எட்டு மாதமாக நான் செய்துகொண்டிருந்த வேலை அந்த நொடியில்தான் முடிந்தது. மறப்பதற்கு முன்னால் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

எங்களுடையது 27 அடி ஃபைபர் படகு, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். நான்கு பேர் போவோம். போன தை மாதம் ஒரு ராத்திரி எரிபொருளில் தண்ணீர் கலந்து இன்ஜின் நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றித் துடைத்தால் கிளம்பிவிடும் என்று தெரியும். பிளக் ஸ்பானர் ஒன்றுதான் இருந்தது. இருட்டில் கை வழுக்கி அது கடலில் விழுந்தது. படகின் முன்பக்கமான அணியத்தின் அடியில் அரிசிச் சாக்கில் கட்டிப் போட்டிருந்த பாதுகாப்புச் சாமான்களை எடுத்தேன். டார்ச்சின் உள்ளே பேட்டரி பொங்கித் துருவேறியிருந்தது. ஆபத்தில் கொளுத்திக் காட்டும் கைத்தீப்பந்தம் இரண்டின் அட்டையும் ஊறிப்போய் உரிந்து வந்தது. லைஃப் ஜாக்கெட் நான்கும் வலைக்கு அடியில் கிடந்தன. வாடைக் காற்றும் தெற்கே இழுக்கும் நீரோட்டமும் சேர்ந்து விடிவதற்குள் எங்களைப் பதினேழு கிலோமீட்டர் கொண்டுபோயிருந்தன. காலையில் கோடியக்கரையில் தங்கித் தொழில் செய்யும் ஒரு படகு பார்த்துக் கயிறு போட்டு இழுத்து வந்தது. இன்னும் இரண்டு ராத்திரி அப்படியே போயிருந்தால் எல்லைக் கோட்டை நெருங்கியிருப்போம்.

கரைக்கு வந்த மறுநாளே தொடங்கினேன். முதலில் லைஃப் ஜாக்கெட்.

நான்கும் ஆறு வருடப் பழையவை. வெளித்துணி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் அவற்றின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து உள்ளே இருக்கும் ஃபோம் தட்டையாகிவிட்டது. பெரியவர்களுக்கான ஜாக்கெட்டில் 100 நியூட்டன் என்று போட்டிருந்தால், தண்ணீரில் ஏறக்குறைய 10 கிலோ எடையை அது தாங்க வேண்டும் என்று பொருள். சரி, தாங்குகிறதா என்று பார்ப்போம் என்று 10 கிலோ கருங்கல்லைக் கயிற்றில் கட்டி, ஒவ்வொரு ஜாக்கெட்டாக ஆற்றில் விட்டேன். நான்குமே மிதந்தன. சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் பெரியப்பா கேட்டார்: “கல்லைத் தண்ணிக்குள்ள தூக்கிப் பாத்தியா தம்பி? கரையில இருக்குற கனம் அங்க இருக்காது.” நங்கூரக் கல்லை ஐம்பது வருடம் இழுத்தவர் சொல்கிறார். மறுநாள் மீன் நிறுக்கும் தூக்குத் தராசில் கல்லைத் தொங்கவிட்டு, அப்படியே தண்ணீருக்குள் இறக்கிப் பார்த்தேன். கரையில் 10 கிலோ காட்டிய கல், தண்ணீருக்குள் 6.2 கிலோதான் காட்டியது. அதாவது நான் செய்தது பாதிச் சோதனை. இரும்பு அந்த அளவுக்கு எடை குறையாது. கடையில் இருந்து இரும்பு எடைக்கற்களைக் கேட்டு வாங்கி, ஐந்து, ஐந்து, இரண்டு என்று 12 கிலோ சேர்த்து நிறுத்தேன். தண்ணீருக்குள் 10.3 கிலோ காட்டியது. அதைக் கட்டி விட்டதும் இரண்டு ஜாக்கெட்டுகள் முழுகிப் போய்விட்டன. மற்ற இரண்டும் தோள்பட்டை மட்டும் வெளியே தெரிய நின்றன. முழுகியவற்றைக் கிழித்துப் பார்த்தேன். ஃபோம் கையில் மாவாக உதிர்ந்தது. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இரண்டு வாங்கினேன். ஒன்று 1,150 ரூபாய்.

ஜாக்கெட்டில் இன்னொரு குறையும் தெரிந்தது. போட்டுக்கொண்டு தண்ணீரில் குதித்ததும் அது மேலே ஏறி மோவாயில் முட்டியது, கை இரண்டும் தூக்கிக்கொண்டன. ஆள் அசந்து போனால் ஜாக்கெட் தலை வழியாகக் கழன்றுவிடும். தொடைக்கு இடையில் போகும் வார் வேண்டும். பை தைக்கும் கடையில் ஓர் அங்குல நைலான் நாடா வாங்கிப் பின்பக்கம் தைத்து, முன்னால் கொக்கி வைத்தோம். தையற்காரர் வழக்கமாகப் போடும் பருத்தி நூலில் தைத்துக் கொடுத்தார். ஒன்றரை மாதத்தில் உப்பில் நூல் இற்று, இழுத்ததும் பிரிந்து வந்தது. திரும்பவும் நைலான் நூலில், பெட்டி போட்டுக் குறுக்குத் தையல் அடித்து வாங்கினேன். இப்போது அந்த நாடாவைப் பிடித்தே ஓர் ஆளைத் தூக்கலாம். ஒவ்வொரு ஜாக்கெட்டின் தோளிலும் ஒரு விசில் கட்டினேன். உள்ளே குண்டு உருளும் விசில் வேண்டாம், தண்ணீர் புகுந்தால் குண்டு ஒட்டிக்கொள்கிறது. குண்டு இல்லாத பிளாஸ்டிக் விசில் 30 ரூபாய்தான்.

வலை இழுக்கும்போது ஜாக்கெட் போடுவது கஷ்டம். வெயிலில் வேகும், கொக்கியில் வலைக்கண் மாட்டும். அதனால் நாங்கள் நால்வரும் சேர்ந்து பேசி முடிவு செய்தோம்: முகத்துவாரம் தாண்டும்போதும் ராத்திரியிலும் கட்டாயம் போடுவது, மற்ற நேரம் அவரவர் உட்காரும் பலகைக்கு மேலே தொங்கவிடுவது. பலகைக்கு அடியில் இல்லை, மேலே. வலைக்கு அடியில் அது இனிமேல் போகாது.

அடுத்தது, சாமான்களை நனையாமல் வைக்கும் பெட்டி. இதில்தான் அதிகமாக அலைந்தேன்.

முதலில் ஆறு அங்குல பிவிசி பைப்பில் செய்தேன். மூன்று அடி நீளம், ஒரு முனையில் மூடியைப் பசை போட்டு ஒட்டியாயிற்று, மறுமுனையில் திருகு மூடி. மொத்தச் செலவு 1,240 ரூபாய். பார்க்க அழகாக, பலகைக்கு அடியில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆற்றில் ஒரு ராத்திரி கல் கட்டி முழுக வைத்து எடுத்தேன். உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர். திருகில் டெஃப்லான் டேப் சுற்றினேன், தண்ணீர் நின்றது. ஆனால் இரண்டு நாள் வெயிலில் கிடந்த பிறகு மூடியைத் திறக்கவே முடியவில்லை. மீன் கழுவிய கையோடு திருகிப் பார்த்தால் வழுக்குகிறது. கடைசியில் பைப் ரெஞ்சு கொண்டுவந்து திறந்தோம். கவிழ்ந்த படகில் பைப் ரெஞ்சுக்கு எங்கே போவது? அதைக் கைவிட்டேன். இப்போது வீட்டில் ஊசியும் நூலும் போட்டு வைக்கிறோம்.

அப்புறம்தான் நீல டிரம். 35 லிட்டர், வாய் முழுக்கத் திறக்கும், மூடியைச் சுற்றி இரும்பு வளையமும் நெம்புகோலும் இருக்கும். பழைய சாமான் கடையில் 450 ரூபாய். வாங்கும்போது மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைப் பிதுக்கிப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் வேண்டாம். முன்பு என்ன இருந்தது என்றும் கேளுங்கள். ஆசிட் டிரம்மில் குடிதண்ணீர் வைக்க முடியாது. ரப்பரில் வாசலின் தடவினேன். இரும்பு வளையத்தின் போல்ட் ஒரு மாதத்தில் துருப்பிடித்ததால் ஸ்டெயின்லெஸ் போல்ட் மாற்றினேன், 60 ரூபாய். நெம்புகோலில் விரல் நுழையும்படி ஒரு கயிற்று வளையம் போட்டேன். நனைந்த கையால் திறப்பதற்கு அந்தச் சின்ன வளையம் எவ்வளவு உதவுகிறது என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

உள்ளே வைத்தவை இவை. சிவப்புக் கைத்தீப்பந்தம் மூன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் எரியும். பகலுக்கு ஆரஞ்சுப் புகை டப்பா ஒன்று, மூன்று நிமிடம் புகை விடும். நெற்றியில் மாட்டும் விளக்கு இரண்டு, பேட்டரி தனியாகப் பொட்டலத்தில். ஆறடிக்கு ஆறடி ஆரஞ்சுத் துணி. பழைய சிடி இரண்டு. சிடியைச் சூரியனுக்குக் காட்டி, நடுத்துளை வழியாகத் தூரத்துப் படகைப் பார்த்தபடி ஆட்டினால் வெளிச்சம் சரியாக அங்கே போய் விழும். கரையில் இருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்ற படகில் இருந்த அண்ணன், கண் கூசுவதாகச் சைகை காட்டினார். ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் நான்கு, ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் காற்று விட்டு நிரப்பியது. கடலை மிட்டாய், உப்புச் சர்க்கரைப் பொட்டலம். பிளக் இரண்டு, ஸ்பானர், ஸ்டார்ட்டர் கயிறு. ஸ்பானரில் ஒரு முழம் கயிறு கட்டி, முனையில் மணிக்கட்டு வளையம் போட்டிருக்கிறேன். கத்தி ஒன்று. டிரம்மோடு சேர்த்து எல்லாம் 8.6 கிலோ.

தீப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை. அதில் காலாவதித் தேதி இருக்கும், பெரும்பாலும் மூன்று வருடம். தேதி போனதை ‘எரிகிறதா பார்ப்போம்’ என்று கடலில் கொளுத்தாதீர்கள். சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தால் யாரோ ஆபத்தில் இருக்கிறார்கள் என்று தொழிலை விட்டுவிட்டு ஆட்கள் கிளம்பி வருவார்கள்.

வயர்லெஸ் டிரம்முக்குள் போகாது. கையடக்க விஎச்எஃப் செட் ஏற்கெனவே இருந்தது, அதை 250 ரூபாய்த் தண்ணீர் புகாத பைக்குள் போட்டுப் படகு ஓட்டுபவரின் கழுத்தில் மாட்டிவிட்டோம். ஆபத்துக்கு 16ஆம் சேனல். உட்கார்ந்தபடி பேசினால் எட்டாத படகுக்கு, எழுந்து நின்று தலைக்கு மேலே பிடித்துப் பேசினால் எட்டுகிறது. அது நேர்க்கோட்டில் போகும் அலை, உயரம்தான் தூரம். டவர் கிடைக்கும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554. டிரம் மூடியின் உள்பக்கத்தில் படகின் பதிவு எண், 16, 1554 மூன்றையும் பெயிண்டில் எழுதியிருக்கிறேன். பதற்றத்தில் சொந்தப் படகின் எண்ணே வாயில் வராது. செயற்கைக்கோள் வழியாக அபாயச் செய்தி அனுப்ப இஸ்ரோ உருவாக்கிய டாட் கருவியில் 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, நாம் அனுப்பிய அபாயச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று படகுக்கே திருப்பிச் சொல்லும். எங்களிடம் இன்னும் இல்லை. அடுத்து வாங்க நினைப்பது அதுதான்.

டிரம் தயாரானதும் அமரத்துப் பலகைக்கு அடியில் தள்ளி, வலைக் கயிற்றால் நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அலையில் உருளக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது மனதில் இருந்தது. அப்பா பார்த்துவிட்டு, “படகு மல்லாந்தா இத எப்புடி எடுப்ப?” என்று கேட்டார். கவிழ்த்துப் பார்க்கும் யோசனை அந்தக் கேள்வியில் பிறந்தது.

முதல் முறை கவிழ்த்தபோது டிரம் எங்கள் கண்ணுக்கே தெரியவில்லை. 35 லிட்டர் டிரம் மேலே போகப் பார்க்கிறது, கவிழ்ந்த படகின் அடிப்பாகம் அதற்கு மேலே இருக்கிறது. கயிறு முறுக்கேறி இரும்பாகிவிட்டது. மச்சான் மூன்று தடவை முழுகி உள்ளே போய் முடிச்சைத் தடவினான், அவிழ்க்க முடியவில்லை. கத்தி வேண்டும். கத்தி டிரம்முக்குள் இருந்தது. பதினோரு நிமிடம் கழித்து, போதும் என்று சொல்லிப் படகை நிமிர்த்தினோம். பகல் வெளிச்சத்தில், அலை இல்லாத ஆற்றில், நெஞ்சளவுத் தண்ணீரில் பதினோரு நிமிடம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் மாட்டிய குமரி மாவட்டத்துக்காரர்களில், கவிழ்ந்த படகையும் காலிக் கேனையும் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மிதந்து பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைக்குக் கிடைத்ததெல்லாம் தானாக மிதந்து வெளியே வந்தவைதான். நான் பணம் போட்டு வாங்கிய சாமானைப் படகுக்கு அடியில் பூட்டி வைத்திருந்தேன்.

அந்த முதல் சோதனையிலேயே வேறு ஒன்றும் புரிந்தது. கவிழ்ந்த ஃபைபர் படகின் முதுகில் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. வழவழவென்று இருக்கிறது, நகம்கூட நிற்காது. முதலில் ஏராவை, அதாவது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பைச் சுற்றிக் குறுக்காக ஒரு கயிறு விட்டுப் பார்த்தேன். ஒரே நாளில் வலை அதில் சிக்கிக் கிழிந்தது, அவிழ்த்துவிட்டேன். இப்போது இரு பக்க விளிம்பிலும் 12 மில்லிமீட்டர் கயிற்றில் இரண்டரை அடி வளையங்கள், பக்கத்துக்கு நான்கு. மிதக்கும் பிளாஸ்டிக் கயிறாகப் பார்த்து வாங்கினேன், கவிழ்ந்தால் கயிறு தண்ணீர் மேலே வந்து நிற்கும். சாதாரண நேரத்தில் வலையில் மாட்டாமல் இருக்க, சைக்கிள் டியூபைக் கீறிய பட்டையால் விளிம்பின் உள்பக்கம் அடக்கி வைத்திருக்கிறேன். இழுத்தால் கழன்றுவிடும்.

இரண்டாவது முறைக்கு டிரம்மைப் பலகைக்கு அடியில் இருந்து வெளியே கொண்டுவந்தேன். அமரத்தில் இன்ஜினுக்கு முன்னால், மேலே தடுப்பு எதுவும் இல்லாத இடத்தில், பழைய கார் டயரை வெட்டிக் கிண்ணம் மாதிரி பதித்து அதில் டிரம்மை உட்கார வைத்தேன். மேலே சைக்கிள் டியூப் பட்டை ஒன்று, ஒரு முனையை மரக்குச்சியில் மாட்டியிருப்பேன், குச்சியை உருவினால் விடும். படகோடு எட்டு மீட்டர் கயிறு, இல்லாவிட்டால் நீரோட்டம் டிரம்மைத் தனியே கொண்டுபோய்விடும். கவிழ்த்ததும் டியூப் தானே நழுவி டிரம் வெளியே வந்துவிட்டது. ஆனால் இரண்டு குறைகள். ஒன்று, டிரம் படுத்தபடி மிதந்தது. மூடியைத் திறந்தால் வாயில் பாதி தண்ணீருக்குள். தீப்பந்தம் எல்லாம் நனைந்திருக்கும். இரண்டு, கூட நின்ற சித்தப்பா கேட்டார்: படகு முழுசாக முழுகினால் கயிறு டிரம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகாதா?

முதல் குறைக்கு, 3 கிலோ பழைய இரும்புச் சங்கிலியை டிரம்மின் அடியில் சுருட்டிப் போட்டு, அதன் மேல் தண்ணீர்ப் பாட்டில்களைப் படுக்க வைத்து, பாட்டில் இடுக்கில் ஸ்பானரைச் செருகினேன். இலேசான சாமானெல்லாம் மேலே. எடை 11.6 கிலோ ஆனது. முழுதாக நிமிரவில்லை, கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது, ஆனால் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கிறது. அப்படியும் ஒவ்வொரு சாமானையும் தனித்தனி ஜிப் பைக்குள் போட்டிருக்கிறேன். திறந்த நேரத்தில் ஓர் அலை உள்ளே அடித்தாலும் எல்லாம் போய்விடக் கூடாது. இவ்வளவு எடையிலும் டிரம் இன்னும் 23 கிலோ தூக்கும், இரண்டு பேர் பிடித்துக்கொண்டு தலையை வெளியே வைக்கப் போதும்.

இரண்டாவது குறைக்கு, கயிற்றுக்கும் டிரம்முக்கும் நடுவில் வலை நூல். ஒற்றை நூல் போட்டேன், கையால் வெடுக்கென்று இழுத்ததும் அறுந்தது. மூன்று இழை முறுக்கித் தூக்குத் தராசில் மாட்டி இழுத்தேன், 14 கிலோவில் அறுந்தது. டிரம் தூக்குவது 23 கிலோ. படகு முழுகினால் நூல் அறுந்து டிரம் மேலே வந்துவிடும், சாதாரண அலை இழுப்புக்கு அறாது. வெயிலில் நூல் இற்றுப்போகும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். கத்தியை டிரம்மில் இருந்து எடுத்து அமரத்துப் பலகையின் பக்கவாட்டில் உறை போட்டு, கயிறு கட்டி வைத்தாயிற்று. எந்தப் பக்கம் கவிழ்ந்தாலும் கை துழாவி எடுக்கலாம். ஸ்பானரும் பிளக்கும் இன்னொரு ஜோடி வெளியே வேண்டும். இன்ஜின் நின்றதற்கெல்லாம் டிரம்மைத் திறந்து மூடினால் ரப்பர் வளையம் சீக்கிரம் போய்விடும். அதை இன்னும் வாங்கவில்லை.

மூன்றாவது முறைக் கணக்கு: டிரம் கைக்கு வர 40 நொடி, திறந்து தீப்பந்தத்தை வெளியே எடுக்க இன்னும் 1 நிமிடம் 10 நொடி. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

செலவு: ஜாக்கெட் 2,300, தீப்பந்தம் 2,250, புகை டப்பா 1,900, கயிறு 720, நெற்றி விளக்கு 700, பிளக், ஸ்பானர், ஸ்டார்ட்டர் கயிறு 640, நாடாவும் இரண்டு தடவைத் தையலும் 480, டிரம்மும் போல்ட்டும் 510, துணி 180, தின்பண்டமும் தண்ணீரும் 150, விசில் 120. மொத்தம் 9,950 ரூபாய். பைப்பில் விட்ட 1,240 ரூபாயும் வயர்லெஸ் பை 250 ரூபாயும் இதில் சேரவில்லை. ஜாக்கெட் நீங்கலாக மற்றதை நாலு பாடாக, அதாவது நாலு தடவை கடலுக்குப் போய் வந்ததில், படகுப் பங்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தோம், யாருக்கும் சுமையாகத் தெரியவில்லை.

திரும்பச் செய்தால் பைப்பைத் தொடவே மாட்டேன். சாமான் வாங்குவதற்கு முன்னால் காலி டிரம்மில் மண்ணைப் போட்டுப் படகைக் கவிழ்த்து, அது எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்துவிட்டு மற்றதை யோசிப்பேன். டிரம்முக்கு ஆரஞ்சு நிறம் அடிக்க வேண்டும், நீலக் கடலில் நீல டிரம் ஐம்பது அடி தள்ளிப் போனால் கண்ணுக்குத் தப்புகிறது. பிளாஸ்டிக்கில் பெயிண்ட் உரிந்து வருவதால் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் பட்டை சுற்றலாம் என்று இருக்கிறேன்.

ஐப்பசி பிறந்து வாடை இறங்குவதற்குள் இருட்டில் ஒரு முறை கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பக்கத்துப் படகுக்காரர்கள் இரண்டு பேர் தங்கள் படகையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டயர் வெட்டும் அளவை அட்டையில் வரைந்து கொடுத்திருக்கிறேன்.